கலிபோர்னியாவில் கணவன் மனைவி வாங்கிய வீடு: ஜாயின்ட் டெனன்சியா, கம்யூனிட்டி பிராப்பர்ட்டியா?

கேள்வி இதுதான்: திருமணத்துக்குப் பிறகு இருவரும் சம்பாதித்துச் சேர்த்த பணத்தில் கலிபோர்னியாவில் வீடு வாங்கியிருக்கிறார்கள். பத்திரத்தில் "ஹஸ்பண்ட் அண்ட் வைஃப், ஆஸ் ஜாயின்ட் டெனன்ட்ஸ்" என்று இருக்கிறது. ஆனால் கலிபோர்னியா கம்யூனிட்டி பிராப்பர்ட்டி மாநிலம் ஆயிற்றே, அப்படியானால் இந்த வீடு எதில் சேரும்?

பெரும்பாலான தம்பதிகளுக்குப் பதில், இரண்டிலும். விவாகரத்து என்று வந்தால் அது கம்யூனிட்டி பிராப்பர்ட்டி. கடன்காரர் வந்தாலும் அப்படித்தான். ஒருவர் காலமானால் வீடு மற்றவர் பெயருக்கு மாறும் வழி மட்டும் ஜாயின்ட் டெனன்சி. வருமான வரிக்கு எது என்பதில்தான் சிக்கல். பெரிய பணம் போவதும் அங்கேதான்.

இவை இரண்டும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிடக்கூடியவை அல்ல. ஜாயின்ட் டெனன்சி என்பது பத்திரத்தில் பெயர்களை எழுதும் ஒரு முறை. இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து வந்தது. அண்ணன் தம்பிகூடப் போட்டுக்கொள்ளலாம். இறந்தவரின் பங்கு மிஞ்சியவருக்குத் தானாகவே போய்விடும் என்பதுதான் அதன் உயிர். கம்யூனிட்டி பிராப்பர்ட்டி, அதாவது பொதுச்சொத்து, என்பது சொத்தின் தன்மை. எப்போது, யாருடைய பணத்தில் வந்தது என்பதை வைத்து முடிவாவது. ஸ்பானிய, மெக்சிகோ சட்டத்தின் வழி கலிபோர்னியாவுக்கு வந்தது. அரிசோனா, ஐடஹோ, லூசியானா, நெவாடா, நியூ மெக்சிகோ, டெக்சஸ், வாஷிங்டன், விஸ்கான்சின் ஆகியவற்றோடு சேர்த்து இந்த முறை உள்ள மாநிலங்கள் 9. யாழ்ப்பாணத் தேசவழமைச் சட்டத்தில் தேடியதேட்டம் என்பதை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது: பரம்பரையாக வந்த முதுசொம் வேறு, சீதனம் வேறு, மணவாழ்வில் தேடியது வேறு.

கலிபோர்னியாவின் அடிப்படை விதி குடும்பச் சட்டத் தொகுப்பின் 760ஆம் பிரிவு. இந்த மாநிலத்தில் குடியிருந்துகொண்டு திருமண காலத்தில் சம்பாதித்தது எல்லாம், யார் பெயரில் இருந்தாலும், இருவருக்கும் சரிபாதி. 770ஆம் பிரிவு விலக்குகளைச் சொல்கிறது: திருமணத்துக்கு முன் வைத்திருந்தது, அன்பளிப்பாக வந்தது, வாரிசாக வந்தது, இவற்றின் வாடகையும் வருமானமும் தனிச்சொத்து. (டெக்சஸில் தனிச்சொத்தின் வருமானம் பொதுச்சொத்தாகிவிடும். ஆஸ்டினிலிருந்து சான் ஹோசேவுக்கும் சான் ஹோசேவிலிருந்து ஆஸ்டினுக்கும் மாறிக்கொண்டே இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.)

முதலில் உங்கள் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். கவுன்ட்டி ரெக்கார்டர் அலுவலகத்தில் பதிவான கிரான்ட் டீடின் நகல் வேண்டும். கடன் பத்திரமான டீட் ஆஃப் டிரஸ்ட் அல்ல. அதில் உங்கள் பெயர்களுக்குப் பின்னால் வரும் அந்த ஒரு வரிக்கு வெஸ்டிங் என்று பெயர். எஸ்க்ரோ (பணமும் பத்திரமும் கைமாறும்வரை நடுவர் வைத்திருக்கும் ஏற்பாடு) முடியும் அவசரத்தில், உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி ஒரு தாளை அனுப்பி, இதில் எது என்று கேட்கும். எஸ்க்ரோ ஆபீசர் சட்ட ஆலோசனை சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டார். நண்பர் போட்டதையே நாமும் போடுவோம் என்று டிக் அடித்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். அந்த வரியில் வழக்கமாக இருக்கக்கூடியவை: ஜாயின்ட் டெனன்ட்ஸ்; டெனன்ட்ஸ் இன் காமன் (ஆளுக்கொரு தனிப்பங்கு); கம்யூனிட்டி பிராப்பர்ட்டி; கம்யூனிட்டி பிராப்பர்ட்டி வித் ரைட் ஆஃப் சர்வைவர்ஷிப் (மிஞ்சியவருக்குத் தானாகப் போகும் உரிமையோடு); அல்லது சொத்தை வைத்திருக்க நீங்கள் எழுதிய டிரஸ்டின் பெயர். வெறுமனே "ஹஸ்பண்ட் அண்ட் வைஃப்" என்று முடிந்துவிடுவதும் உண்டு.

விவாகரத்தில் என்ன ஆகும்?

2581ஆம் பிரிவு நேரடியாகவே பேசுகிறது. திருமண காலத்தில் இருவர் பெயரிலும் வாங்கியது, ஜாயின்ட் டெனன்சி என்று எழுதியிருந்தாலும், பிரிக்கும்போது கம்யூனிட்டி பிராப்பர்ட்டி என்றே அனுமானிக்கப்படும். அதை மறுக்க வேண்டுமானால் பத்திரத்திலேயே தெளிவான வாசகம் இருக்க வேண்டும், அல்லது எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். "வாய் வார்த்தையாகப் பேசிக்கொண்டோம்" என்பது எடுபடாது.

ஆனால் முன்பணம் ஒருவருடைய தனிப்பணமாக இருந்தால் அவருக்கு 2640ஆம் பிரிவு இருக்கிறது. கோயம்புத்தூரில் நிலத்தை விற்று, பெற்றோர் மகளுக்கு மட்டும் 3,00,000 டாலர் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டின் விலை 9,00,000. பல வருடம் கழித்து 15,00,000க்கு விற்று, கடன் போக 10,00,000 மிஞ்சுகிறது. மகளுக்கு முதலில் 3,00,000 போகும். மீதி 7,00,000 பாதிப் பாதி. வட்டி கிடையாது, விலையேற்றத்தில் பங்கும் கிடையாது. விலை விழுந்து மிச்சம் 2,00,000தான் என்றால் அந்த 2,00,000 மட்டுமே கிடைக்கும். முன்பணம், அசலைக் குறைத்த தொகை, வீட்டை மேம்படுத்திய செலவு ஆகியவை திரும்பக் கிடைக்கும். கடன் வட்டி, சொத்து வரி, இன்ஷூரன்ஸ், பராமரிப்பு கிடைக்காது.

இந்த உரிமை தோற்றுப்போவது பெரும்பாலும் சட்டத்தால் அல்ல, காகிதத்தால். இந்தியாவிலிருந்து வந்த பணம் நேராக ஜாயின்ட் அக்கவுன்டில் விழுகிறது. அதிலிருந்து சம்பளம், கிரெடிட் கார்டு, காரின் தவணை எல்லாம் ஓடுகின்றன. ஆறு மாதம் கழித்து எஸ்க்ரோவுக்குப் பணம் போகிறது. எந்த டாலர் எங்கிருந்து வந்தது என்று பிறகு காட்டுவது கடினம். இன்னொன்று, கடன் கொடுக்கும் நிறுவனம் கேட்கும் கிஃப்ட் லெட்டர். அந்தப் படிவத்தில் பெறுபவர் என்ற இடத்தில் கடன் வாங்கும் இருவர் பெயரையும் லோன் ஆபீசரே தட்டச்சு செய்துவிடுவார். அப்பா கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்து அனுப்பிவிடுவார். பிற்பாடு வழக்கில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்து நீட்டுவது அந்தத் தாளைத்தான்: பணம் இருவருக்கும் கொடுக்கப்பட்டது, உங்கள் கையெழுத்தே சாட்சி. ஆகவே கிஃப்ட் லெட்டரில் ஒருவர் பெயர் மட்டும் இருக்கட்டும். பணம் அவர் பெயரில் மட்டும் உள்ள கணக்கில் இறங்கட்டும். அங்கிருந்து நேராக எஸ்க்ரோவுக்கு வயர் போகட்டும். ஸ்டேட்மென்ட்களை பிடிஎஃப்பாகச் சேமித்து வையுங்கள். வங்கிகள் பழைய ஸ்டேட்மென்ட்களைக் காலம் முழுக்க வைத்திருப்பதில்லை. வெளிநாட்டில் உள்ளவரிடமிருந்து ஒரு வருடத்தில் 1,00,000 டாலருக்கு மேல் அன்பளிப்பு வந்தால் மத்திய வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்கு 3520 படிவமும் உண்டு. அதற்கு வரி இல்லை, தெரிவிக்காவிட்டால்தான் அபராதம்.

திருமணத்துக்கு முன் ஒருவர் வாங்கிய வீடு வேறு கதை. பத்திரத்தில் அவர் பெயர் மட்டுமே இருந்தாலும், மணமான பிறகு சம்பளத்திலிருந்து அசல் கட்டினால், பொதுச்சொத்துக்கு அதில் ஒரு பங்கு உருவாகிறது. 1980, 1982 ஆண்டுகளின் இரண்டு தீர்ப்புகளை வைத்து இதை மூர் மார்ஸ்டன் கணக்கு என்பார்கள். விலை 5,00,000, திருமண நாளில் மதிப்பு 6,00,000, பிரியும்போது 12,00,000, இடையில் சம்பளத்தில் கட்டிய அசல் 50,000. பொதுச்சொத்தின் விகிதம் 50,000ஐ 5,00,000ஆல் வகுத்தால் 10 சதவீதம். திருமண காலத்தில் ஏறிய 6,00,000இல் 10 சதவீதம் 60,000, அதோடு கட்டிய 50,000, ஆக 1,10,000. பெயர் இல்லாதவருக்கு அதில் பாதி, 55,000. மாதத் தவணையில் வட்டியே பெரும்பகுதி என்பதால் இந்தத் தொகை பலருக்கு ஏமாற்றமாகவே இருக்கும்.

கடன்காரர்கள் விஷயத்தில் வெகுகாலம் குழப்பம் இருந்தது. ஜாயின்ட் டெனன்சி என்று எழுதிவிட்டால் ஆளுக்குப் பாதி தனிச்சொத்து, கணவரின் கடனுக்கு மனைவியின் பாதியைத் தொட முடியாது என்று நம்பிப் பத்திரம் போட்டவர்கள் பலர். 2020 ஜூலையில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் ப்ரேஸ் வழக்கில் அந்த நம்பிக்கைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. கணவர் திவால் மனு போட்டார், மனைவி போடவில்லை, வீடு ஜாயின்ட் டெனன்சி. தீர்ப்பின்படி, 1975 ஜனவரி 1 முதல் பொதுப்பணத்தில் வாங்கிய வீடு, ஜாயின்ட் டெனன்சிப் பத்திரமாக இருந்தாலும், கம்யூனிட்டி பிராப்பர்ட்டி என்றே அனுமானிக்கப்படும். 1985 ஜனவரி 1 முதல் வாங்கியது என்றால், பொதுச்சொத்தைத் தனிச்சொத்தாக மாற்ற வெளிப்படையான வாசகத்தோடு எழுத்தில் அறிவிப்பு வேண்டும். ஜாயின்ட் டெனன்சி என்ற சொல் மட்டும் போதாது. அதனால் ஒருவர் திவாலானால் முழு வீடும் திவால் கணக்குக்குள் போகிறது. குடியிருக்கும் வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் விலக்கு, அதாவது கடன்காரர் தொட முடியாத ஒரு தொகை, இருக்கிறது. 2021இல் அது 3 லட்சத்துக்கும் 6 லட்சத்துக்கும் இடையில், கவுன்ட்டியின் இடைநிலை (மீடியன்) வீட்டு விலையைப் பொறுத்து என்று உயர்த்தப்பட்டது, அதற்குப் பின் விலைவாசியோடு ஏறுகிறது. பே ஏரியாவில் வீட்டில் அதைவிட அதிகப் பங்கு சேர்ந்துவிட்டவர்களுக்கு அது போதாது. சொந்தமாகக் கம்பெனி தொடங்கித் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்துப் போடுகிறவர்கள் பத்திர வாசகத்தை நம்ப வேண்டாம். எழுத்தில் சொத்துப் பிரிப்பு ஒப்பந்தம் வேண்டும், அதுவும் கடன் வருவதற்கு வெகு முன்பே.

இனி வரி. ஒருவர் இறந்தால் அவருடைய பங்கின் அடக்கவிலை (விற்ற லாபத்தைக் கணக்கிடக் கழிக்கும் விலை) இறந்த நாளின் சந்தை மதிப்புக்கு உயரும். இதை ஸ்டெப் அப் என்பார்கள். ஜாயின்ட் டெனன்சியில் இறந்தவரின் பாதி மட்டும் உயரும். கம்யூனிட்டி பிராப்பர்ட்டியாக இருந்தால் உயிரோடிருப்பவரின் பாதியும் சேர்ந்து உயரும்.

1998இல் 4,00,000க்கு வாங்கிய வாடகை வீடு, ஒருவர் இறக்கும்போது 20,00,000 பெறுகிறது என்று கொள்வோம். தேய்மானத்தை இப்போதைக்கு விட்டுவிடுவோம். ஜாயின்ட் டெனன்சி என்றால் மிஞ்சியவரின் அடக்கவிலை 2,00,000 கூட்டல் 10,00,000, அதாவது 12,00,000. விற்றால் 8,00,000 லாபம். கலிபோர்னியா மூலதன லாபத்தைச் சம்பளம் மாதிரியே வரி போடும், சலுகை விகிதம் கிடையாது. மத்திய வரி, 3.8 சதவீத முதலீட்டு வருமான வரி, மாநில வரி எல்லாம் சேர்ந்தால் 2 லட்சம் டாலரைத் தாண்டும். கம்யூனிட்டி பிராப்பர்ட்டி என்றால் அடக்கவிலை 20,00,000, வரி பூஜ்யம். இத்தனை வருடம் எழுதிய தேய்மானமும் முழுதாகத் துடைத்துவிடப்படும். குடியிருந்த வீடாக இருந்தால் 2,50,000 விலக்கு உண்டு. இறந்து 2 வருடத்துக்குள் மறுமணம் செய்யாமல் விற்றால் 5,00,000 வரை. அதனால் அடி கொஞ்சம் மெதுவாக விழும். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: விலை இறங்கிக் கிடக்கும் நேரத்தில் ஒருவர் இறந்தால் இதே விதி இரண்டு பாதிகளையும் கீழே இறக்கிவிடும்.

பத்திரத்தில் ஜாயின்ட் டெனன்சி என்று இருந்தும் முழு ஸ்டெப் அப் கேட்க முடியுமா? முடியும். மாநிலச் சட்டப்படி அது கம்யூனிட்டி பிராப்பர்ட்டி என்றால், பத்திர வடிவம் எதுவானாலும் இரண்டு பாதிக்கும் உண்டு என்று ஐஆர்எஸ்ஸே 1987இல் ஒரு விளக்கத் தீர்வு வெளியிட்டிருக்கிறது. ப்ரேஸ் தீர்ப்பும் துணைக்கு வரும். ஆனால் நிரூபிக்கும் பொறுப்பு துணையை இழந்து நிற்பவர் தலையில். போதாக்குறைக்கு அவர் ரெக்கார்டரிடம் ஏற்கெனவே "ஜாயின்ட் டெனன்ட் இறந்தார்" என்று சத்தியப் பிரமாணம் கொடுத்திருப்பார். அதைவிட இருவரும் இருக்கும்போதே பத்திரத்தைத் திருத்துவது எவ்வளவோ மேல்.

அதற்கென்றே 2001 ஜூலை 1 முதல் கலிபோர்னியா ஒரு வடிவத்தைத் தந்திருக்கிறது, சிவில் சட்டம் 682.1: கம்யூனிட்டி பிராப்பர்ட்டி வித் ரைட் ஆஃப் சர்வைவர்ஷிப். தன்மை பொதுச்சொத்து, ஆகவே முழு ஸ்டெப் அப். ஒருவர் இறந்தால் ப்ரோபேட் என்ற நீதிமன்ற நடைமுறை இல்லாமல், ஜாயின்ட் டெனன்சி போலவே ஒரு பிரமாணப் பத்திரமும் இறப்புச் சான்றிதழின் சான்றளித்த நகலும் பதிந்து முடித்துவிடலாம். முதல் திருமணம், பிள்ளைகள் இருவருக்கும் பொதுவானவர்கள், இன்னும் டிரஸ்ட் எழுதவில்லை என்றால் இதைத் தவிர வேறு எதையும் போடக் காரணமே இல்லை.

ஜாயின்ட் டெனன்சியிலிருந்து இதற்கு மாறப் புதிய டீட் ஒன்று போதும். கொடுப்பவர்களும் நீங்கள் இருவரே, பெறுபவர்களும் நீங்கள் இருவரே. பழைய டீடில் உள்ள நில விவரணையை ஒரு எழுத்து, ஒரு காற்புள்ளி மாறாமல் அப்படியே படியெடுக்க வேண்டும். தெரு முகவரி அதற்கு ஈடாகாது. அசெசர் பார்சல் எண் தேவை. சொத்தின் தன்மையைக் கம்யூனிட்டி பிராப்பர்ட்டியாக மாற்றுகிறோம் என்ற வெளிப்படையான வாசகம் இருக்கட்டும். குடும்பச் சட்டத்தின் 852ஆம் பிரிவு அதைத்தான் கேட்கிறது. பெறுபவர் என்ற முறையிலும் இருவரும் அந்தத் தாளிலேயே கையெழுத்தோ இனிஷியலோ போடலாம்.  அதோடு உரிமை மாற்ற முன்னறிக்கைப் படிவத்தையும் சேர்த்துக் கொடுங்கள். கணவன் மனைவிக்கு இடையிலான மாற்றத்துக்குச் சொத்து வரி மறுமதிப்பீடு கிடையாது, படிவத்தில் அந்தக் கட்டத்தில் டிக் அடித்தால் சரி. பதிவுக் கட்டணத்தோடு 75 டாலர் வீட்டுவசதிக் கட்டணம் கேட்பார்கள். உரிமையாளர் குடியிருக்கும் வீட்டுக்கு அதில் விலக்கு உண்டு, ஆனால் விலக்குக்கான வாசகத்தை டீடின் முகப்பில் நீங்கள்தான் எழுத வேண்டும்.

சர்வைவர்ஷிப் இல்லாமல் கம்யூனிட்டி பிராப்பர்ட்டி என்று மட்டும் போட்டால் வரிப் பலன் அதேதான். ஆனால் இறந்தவர் தன் பாதியை உயில் மூலம் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். உயில் இல்லையென்றால் அந்தப் பாதி துணைக்கே போகும்; பெயர் மாற்ற ஸ்பௌசல் பிராப்பர்ட்டி பெட்டிஷன் என்ற சிறிய மனு நீதிமன்றத்தில் போட வேண்டியிருக்கும். முன் திருமணத்துப் பிள்ளைகளுக்குத் தன் பாதி போக வேண்டும் என்பவர்களுக்கு இதுவோ டிரஸ்டோதான் பொருந்தும். ஜாயின்ட் டெனன்சி அவர்களுக்கு ஆகவே ஆகாது. உயிலில் எவ்வளவு விரிவாக எழுதினாலும் ஜாயின்ட் டெனன்சி வீட்டை உயில் தொடாது, மிஞ்சியவருக்கே போகும்.

ஜாயின்ட் டெனன்சியை ஒருவர் தனியாகவே, மற்றவரின் சம்மதமில்லாமல் முறித்துவிடலாம். தன் பங்கைத் தனக்கே எழுதி ஒரு டீட் பதிந்தால் போதும். பொதுவாக இறப்பதற்கு முன்பே பதிவாக வேண்டும். இறப்புக்கு முந்தைய 3 நாளுக்குள் நோட்டரி முன் கையெழுத்தாகி, இறந்த 7 நாளுக்குள் பதிந்தாலும் செல்லும். விவாகரத்து மனு போட்டவர்கள் இதை மறந்துவிடுவதுண்டு. வழக்கு முடியும் முன் ஒருவர் இறந்தால், யாரைப் பிரிய நினைத்தாரோ அவருக்கே முழு வீடும் போய்ச் சேரும். சம்மனிலேயே இந்த எச்சரிக்கை அச்சடித்திருக்கிறது, படிப்பவர்கள் குறைவு.

டிரஸ்ட் இருந்தால் சர்வைவர்ஷிப்புக்கு வேலையில்லை. டிரஸ்ட் ஆவணத்தில் "இந்த வீடு கம்யூனிட்டி பிராப்பர்ட்டியாகவே நீடிக்கும்" என்ற வரி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சர்வைவர்ஷிப் முதல் மரணத்துக்குத்தான் உதவும். இரண்டாமவரும் போன பிறகு பிள்ளைகள் ப்ரோபேட்டில் நிற்க வேண்டும். 15,00,000 வீட்டுக்குச் சட்டம் அனுமதிக்கும் வழக்கறிஞர் கட்டணம் 28,000 டாலர், நிர்வாகிக்கும் அதே அளவு கேட்கலாம். கடன் எவ்வளவு பாக்கி இருந்தாலும் மொத்த விலையின் மேல்தான் கணக்கு.

ரீஃபைனான்ஸ் செய்யும்போது ஒன்று நடக்கும். ஒருவரின் கிரெடிட் ஸ்கோர் குறைவு, அதனால் அவர் தன் உரிமையை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் குவிட்க்ளெய்ம் அல்லது இன்டர்ஸ்பௌசல் டிரான்ஸ்ஃபர் டீட் எழுதிப் பெயரை எடுத்துக்கொள்ளட்டும், பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்பார்கள். கடன் முடிந்த கையோடு அந்தப் பேச்சு மறந்துபோகும். வாசகம் தெளிவாக இருந்தால் அந்தத் தாளே வீட்டை ஒருவரின் தனிச்சொத்தாக மாற்றிவிடக்கூடும். கணவன் மனைவிக்கு இடையே ஒருவர் அநியாய லாபம் பெற்றால் அழுத்தத்தால் நடந்தது என்று அனுமானிக்கும் 721ஆம் பிரிவு காப்பாற்றலாம். ஆனால் அதற்கு வழக்கு நடத்த வேண்டும். பெயரை எடுத்தால், கடன் பதிவான வாரமே திரும்பச் சேர்க்கும் டீடையும் பதிந்துவிடுங்கள்.

கடைசியாக, சென்னையில் வாங்கிய ஃபிளாட். இந்தியாவில் கம்யூனிட்டி பிராப்பர்ட்டி என்ற ஏற்பாடு கோவா போன்ற ஓரிரு இடங்களைத் தவிரக் கிடையாது. யார் பெயரில் பத்திரமோ அவர் சொத்து. இருவர் பெயரிலும் வாங்கினாலும் சர்வைவர்ஷிப் தானாக வராது. ஆளுக்கொரு பங்கு, இறந்தவர் பங்கு அவர் வாரிசுகளுக்கு. இந்துவான கணவர் உயில் எழுதாமல் போனால் மனைவி, பிள்ளைகள், தாய் எல்லோருக்கும் சம பங்கு உண்டு. ஆனால் கலிபோர்னியாவில் குடியிருந்தபோது சம்பாதித்த சம்பளத்தில் அந்த ஃபிளாட் வாங்கியிருந்தால், விவாகரத்தின்போது இங்குள்ள நீதிமன்றம் அதையும் பொதுச்சொத்தாகவே பார்க்கும். சென்னைப் பத்திரத்தை அந்த நீதிமன்றம் நேரடியாக மாற்ற முடியாது. அதன் மதிப்புக்கு ஈடாகக் கலிபோர்னியா வீட்டில் பங்கைக் கூட்டிக் குறைத்துக் கணக்கைச் சரிசெய்யும். அந்த ஃபிளாட்டைச் சொத்துப் பட்டியலில் காட்டாமல் மறைத்துப் பிடிபட்டால், மறைத்ததன் பாதியோ முழுமையோ மற்றவருக்கே போகும் என்று 1101ஆம் பிரிவு சொல்கிறது.